கிண்ணத்தில் மிதந்த கறுப்பு

7-ஆம் தேதி, திங்கள்

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

சனிக்கிழமை அந்த ஏரிக்கரை வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரி வக்கீலம்மா. தாடியெல்லாம் மாவாக நின்ற ரொட்டிக்காரர். இனிப்பைப் பற்றி மட்டுமே எழுதுகிற பல் டாக்டர். ஊர் ஊராக ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற பஸ் டிரைவர். அந்த சூப்புக்காரி. நீ. நான். வாசலில் படுத்திருந்த நாயைச் சேர்த்தால் எட்டு. நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். எழுத்தில் பிழை இருக்கும், ஆளில் பிழை இருக்காது. நாளைக்கு நீ "அவங்க அங்க வரவே இல்லையே பாட்டி" என்று சொல்லிவிடக் கூடாது பார்.

போனில் கேட்கலாம்தான். போனில் சொன்னதை அடுத்த வாரம் இல்லை என்பீர்கள். கடிதம் என்றால் என் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

"சாப்பாட்டைப் பத்தி இன்டர்நெட்ல எழுதறவங்க மாசம் ஒரு தடவை கூடி சும்மா இருப்போம் பாட்டி, நீயும் வந்து ரெண்டு நாள் சும்மா இரு" என்றாய். சும்மா இருக்க யாராவது அவ்வளவு தூரம் கூப்பிடுவார்களா? அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. போய் இறங்கியதும் வக்கீலம்மா ஒரு ரொட்டிக் கூடையை நீட்டினாள். எல்லோரும் போனை அதில் போட்டீர்கள். மேலே துண்டைப் போட்டு மூடி அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். என் வீட்டுக்கு வந்தால் தட்டைப் படம் பிடித்துப் பிடித்தே சோற்றை ஆறவிடுகிறவள் நீ. அப்படிப்பட்ட கூட்டம் படமே எடுக்காமல் சாப்பிட உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? சாட்சி இருக்கக் கூடாது என்று அர்த்தம்.

"இங்க வந்தாதான் பாட்டி நான் சூடா சாப்பிடறேன்" என்றார் பஸ் டிரைவர். "எழுதறதுக்காகத் தின்னு தின்னு நாக்கே மரத்துப் போச்சு, அதுக்கு லீவு விட வர்றேன்" என்றார் பல் டாக்டர். நான் தலையை ஆட்டி வைத்தேன். நம்பவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிரம்பு நாற்காலி நன்றாக இருந்தது. வெங்காயம் உரிக்கலாம் என்று எழுந்தேன். ரொட்டிக்காரர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு "உக்காருங்க, உங்களுக்கு இங்க வேலை கிடையாது" என்றார். எழுபது வயசில் முதல் தடவையாக, அடுத்தவர் சமைப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி முழுக்கத் தெரிகிறது. யார் உப்பை இரண்டு தடவை போடுகிறார், யார் கரண்டியை நக்கிவிட்டு அப்படியே வைக்கிறார், எல்லாம். (பல் டாக்டர்தான். அவரிடம் சொல்லாதே.) பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன். பகலில் நான் அப்படித் தூங்கினது உன் அம்மா பிறந்த அன்றைக்கு.

என்னை எழுப்பினது வாசனை.

சூப்புக்காரி வெங்காயத்தை இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு மிளகை அழுத்தி, வெட்டின பக்கம் கீழே இருக்க, எண்ணெய் இல்லாத இரும்புச் சட்டியில் கரியாகும் வரை விட்டிருந்தாள். அப்புறம் சூப்பில் போட்டாள். வெங்காயத்தை யார் வேண்டுமானாலும் கருக விடலாம். நான்கு மிளகு இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று, எனக்குத் தங்கை என்று இருந்தவள். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது, உப்பு சேர்க்கக் கூடாத நோயாளிகளுக்கு வெறும் தண்ணீராகப் போகிறதே என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது அது.

கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "சூடா இருக்கு, பார்த்துக் குடிங்க பெரியத்தை" என்றாள். மற்ற எல்லோருக்கும் நான் பாட்டி. இவளுக்கு மட்டும் எந்த வழியில் பெரியத்தை? கிண்ணத்தில் கறுப்புத் தூள் மிதந்தது. வடிகட்டக்கூடத் தெரியவில்லை. ஒரு வாய் குடிக்காமல் "மயக்கமா இருக்கு, என்னை வீட்டுல கொண்டு விடு" என்றேன். மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அடுத்த மாதம் நான் தலைமைச் சமையல்காரி ஆக வேண்டியவள். மேனேஜர் கூப்பிட்டார். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "கருகினதைப் போடறியாமே. கிண்ணத்துல கறுப்பா மிதக்குதாமே. உன் வீட்டு ஆளே வந்து சொன்னது." என் வீட்டு ஆள் யார்? பின்னறையில் எங்களோடு இருந்த என் தங்கைதான். அன்று மத்தியானமே நான் வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மருந்துக் கவுன்டரிலிருந்து உன் தாத்தா சாப்பிட வந்தார். அவரும் அதே ஆஸ்பத்திரிதானே. தங்கமான மனுஷர். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? "விடு, இனிமே வீட்டுல இரு" என்றார். அவளை அன்றே பெட்டியோடு அனுப்பினேன். அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

சூப்புக்காரி யார்? தெரிந்தேதான் என்னைக் கூட்டிப் போனாயா? உள்ளதை எழுது. கதவைச் சாத்தத் தெரிந்தவள் நான். பேத்தி என்றும் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் பாட்டி


11-ஆம் தேதி, வெள்ளி

என் பாட்டிக்கு, ஆயிரம் முத்தம். (வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு.)

பிடித்துவிட்டாய். தெரிந்தேதான் கூட்டிப் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் சூப்பைப் பற்றி என் பிளாகில் எழுதினேன். மிளகை மட்டும் எழுதவில்லை, நீ அடிப்பாய் என்று. கீழே ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "நாலு மிளகை விட்டுட்டீங்களே?" அப்படித்தான் சூப்பு அக்கா பழக்கம். அவங்க உன் தங்கை, அதாவது சின்னப் பாட்டியுடைய மருமகள். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், முறைப்படி எனக்கு அத்தையாம்.

உன்னை முதல் நாள் நன்றாகத் தூங்க விட வேண்டும், சின்னப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை காலை வர வேண்டும் என்று ஏற்பாடு. நீ சனிக்கிழமையே கிளம்பிவிட்டாய். அவங்க பஸ்ஸில் பாதி வழி வந்துவிட்டுத் திரும்பிப் போனாங்க.

நீ எழுதினதைச் சின்னப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவங்க சொன்னது இவ்வளவுதான்: "நான் சொல்லலைன்னு மட்டும் உன் பாட்டிக்கு எழுது. அப்போ யாருன்னு என்னைக் கேக்காதே. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவ வீடு வீடா இருக்கணும்."

பாட்டி, உன்னை ஏமாற்றினது தப்பு. ஆனால் அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாயே, அப்படி உன்னை நான் பார்த்ததே இல்லை. அது ஏமாற்று இல்லை. அதற்காகத்தான் நாங்கள் எல்லோருமே அங்கே போகிறோம்.

உன்,
பொய்க்காரி


15-ஆம் தேதி, செவ்வாய்

பேத்திக்கு,

வாயைத் திறந்துகொண்டு தூங்கவில்லை.

யார் என்று கேட்காதே என்று ஒருத்தி சொன்னால், தானேதான் அது என்று அர்த்தம். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்று ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இருந்தவர்களையும் எழுதுகிறேன், படித்துக் காட்டு. பாத்திரம் தேய்க்கிற காது கேளாத அம்மாள். காய் நறுக்குகிற இரண்டு பேர், அவர்கள் கதவுக்கு வெளியே. ரொட்டி அடுக்குகிற நெட்டையன், அவன் எனக்கு முதுகு காட்டித்தான் நிற்பான். அடுப்புப் பக்கம் நானும் அவளும். வேறு யார் இருந்தார்கள்? காற்று வந்து மேனேஜரிடம் சொல்லிற்றா?

என் வீடு வீடாக இருக்க வேண்டுமாம். அவள் போன பிறகுதான் என் வீடு வீடாக இருந்தது. உன் தாத்தா கண் மூடுகிற வரை எங்களுக்குள் ஒரு சத்தம் கிடையாது. இன்று காலை அவர் படத்தைத் துடைக்கும்போது சொன்னேன், "உங்க பேத்தி என்னை ஏமாத்திட்டா" என்று. அவர் இருந்திருந்தால் நீ இந்தத் துணிச்சலுக்கு வந்திருக்க மாட்டாய்.

இனி எனக்கு எழுத வேண்டாம். சாத்தினது சாத்தினதுதான்.

பாட்டி


18-ஆம் தேதி, வெள்ளி

பாட்டிக்கு,

எழுதாதே என்றாய். இது நான் எழுதுவது இல்லை, சூப்பு அத்தை கேட்கச் சொன்னது.

அன்று உன் கிண்ணத்தில் கறுப்பு மிதந்ததற்கு மன்னிப்பு கேட்டாங்க. உன்னைப் பார்த்த பதற்றத்தில் வடிகட்ட மறந்துட்டாங்களாம். அவங்க வீட்டில் சின்னப் பாட்டி இரட்டைத் துணி கட்டித்தான் வடிகட்டுவாங்களாம். "எங்க அக்கா கையில ஆஸ்பத்திரிக் கிண்ணத்துல ஒரு தூள் மிதந்தது கிடையாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாங்களாம். ஒரு துணி போதாதா, இரண்டுதான் வேண்டுமா என்று கேட்கிறாங்க.

அடுத்த மாதம் மூன்றாம் தேதியும் நான்காம் தேதியும் கூடுகிறோம். நாற்காலி அங்கேயே இருக்கிறது.

நான்


28-ஆம் தேதி, திங்கள்

என் கண்ணுக்கு,

பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு துணிதான் வேண்டும். ஒன்று போதாது. அவள் சொன்னது சரி, ஆஸ்பத்திரிக் கிண்ணத்தில் ஒரு தூள் மிதந்ததில்லை. மிதந்திருந்தால் முதல் நாளே நோயாளி சத்தம் போட்டிருப்பான். அப்படியானால் மேனேஜர் "கறுப்பா மிதக்குதாமே" என்றாரே, அது எந்தக் கிண்ணம்? நாற்பத்தொரு வருஷமாக அந்த வார்த்தையை மனப்பாடம் வைத்திருந்தேனே தவிர, ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதோடு ஒவ்வொரு சூப்பையும் தன் கையால் வடிகட்டினவள் அவள். அவள் எப்படி மிதக்கிறது என்று சொல்வாள்?

என் வீட்டில் நான் வடிகட்டினது இல்லை. ஒரே ஒரு கிண்ணத்துக்காக யார் துணி கட்டுவது என்று அப்படியே ஊற்றிவிடுவேன். அந்த ஒரு கிண்ணத்தில்தான் மிதந்தது.

அடுப்படியில் நின்றவர்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து குடித்தவரை எண்ணவே இல்லை. சமையலைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர், அவருக்கு என்ன தெரியப் போகிறது என்று இருந்துவிட்டேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதானே எனக்கே தெரிந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி முழுக்கத் தெரியும் என்று. எங்கள் வீட்டு மேஜையும் அடுப்புக்கு நேர் எதிரில்தான்.

மேனேஜரும் அவரும் தினம் ஒரே பெஞ்சில் டீ குடிப்பவர்கள். தலைமைச் சமையல்காரி என்றால் விடிகாலை நாலு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதை அவரிடம் சொன்ன அன்றைக்கு, "அப்போ எனக்கு டீ யார் போடறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு டீ.

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். தெரியாதவர்தானே கேட்பார்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். குற்றம் செய்தவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் பார்க்கிறாள் என்று எண்ணினேன். அவர் இப்போதாவது வாய் திறப்பாரா என்று பார்த்திருக்கிறாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். என் இரண்டு பிள்ளைகளும் அப்போது என் காலைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக இவள் வாயை மூடிக்கொண்டு படி இறங்கினாள். பைத்தியக்காரி. கத்தியிருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் அவர் அதே சூப்பைக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார். ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை முதல் பஸ்ஸிலேயே வரச் சொல். நான் சனிக்கிழமையே வந்து நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன், இல்லாவிட்டால் பஸ் டிரைவர் உட்கார்ந்துவிடுவார். அவள் வந்ததும் அதில் அவள் உட்காரட்டும். சூப் நான்தான் வைப்பேன். ரொட்டிக்காரர் கத்தியைப் பிடுங்க வந்தால் கையில் ஒன்று போடுவேன் என்று இப்போதே சொல்லி வை. என்னிடம் அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதலில் கிண்ணத்தைக் கையில் கொடுப்பேன். அப்புறம் பார்க்கலாம். நல்ல மெல்லிய துணி இரண்டு எடுத்து வைத்துவிட்டேன்.

சூப்புக்காரி என்னைப் பெரியத்தை என்றே கூப்பிடட்டும். உன்னை மன்னித்துவிட்டேன், முக்கால்வாசி. அந்த மேனேஜரையும் விட்டுவிட்டேன், அவருக்கு வந்து சொன்னதுதானே தெரியும். போனைக் கூடையில் மூடி வைக்கிறீர்களே, அது மட்டும் இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என் போனையும் போடுகிறேன்.

பத்து நாளாகப் படத்தைத் துடைக்கவில்லை. இறக்கவும் இல்லை. அங்கேயே இருக்கட்டும், தூசி ஏறட்டும், நான் டீ போட்டுத் தனியாகக் குடிப்பதைப் பார்க்கட்டும். நாற்பத்தொரு வருஷக் கோபம், அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆளை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். எல்லோரையும் விட்டுவிட்டேன் கண்ணு. ஒருத்தரை மட்டும் கடைசி வரைக்கும் விட மாட்டேன்.

உன் தாத்தாவை.