கோப் உச்சியில் ஒரு டீ

பாய்புர்ட்
9 ஜனவரி 1986

அன்புள்ள மாப்பிள்ளை நெஜாத்திக்கு,

மச்சான் யஷார் ஸலாம் சொல்லி எழுதுவது. மூன்று கடிதம் போட்டும் பதிலே இல்லை. மெர்சின் வெயிலில் உருகினது மையா, கையா?

பிப்ரவரி இரண்டாம் தேதி என் மகள் கல்யாணம். நீ காரில்தான் கூட்டிக்கொண்டு வருவாயாம், தங்கச்சி ஸெஹெர் எழுதியிருக்கிறாள். பஸ்ஸில் வா என்றால் கேட்க மாட்டாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இருபது வருஷமாக இந்தக் கோப் மலையில் மினிபஸ் ஓட்டுகிறேன். பனியில் பிரேக்கை மிதித்தாயோ, சக்கரம் நிற்கும், கார் நிற்காது. இரண்டாவது கியரில் இறங்கு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் கடற்கரைப் புத்தியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வா. சக்கரத்துக்குச் சங்கிலியும் வாங்கு.

என் தங்கச்சிக்கு முத்தம். உனக்கு ஒரு குட்டு.

உன் மச்சான்,
யஷார்

மெர்சின்
17 ஜனவரி 1986

மச்சானுக்கு,

ஸலாம். இருபத்தைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறாய். சரி, இரண்டாவது கியர். பிரேக்கைத் தொடவே மாட்டேன், போதுமா? சங்கிலி கேட்டேன். கடைக்காரன், "நாய்க்கா, மாட்டுக்கா?" என்கிறான். எப்படியோ ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்கு இரண்டு கூடை ஆரஞ்சு.

உச்சியில் உங்கள் டிரைவர்கள் எல்லாரும் ஒரு கடையில் நிறுத்தி டீ குடிப்பார்களாமே, ஸெஹெர் சொல்கிறாள். நாங்களும் நிறுத்த வேண்டுமா?

நெஜாத்தி

பாய்புர்ட்
23 ஜனவரி 1986

மாப்பிள்ளைக்கு,

ரஹ்மி கடையிலா? வேண்டவே வேண்டாம்! கிளாஸ் கழுவின தண்ணீரைச் சூடு பண்ணி டீ என்று கொடுப்பான். அதைக் குடித்தால் கல்யாணத்துக்கு வரமாட்டாய், கக்கூஸுக்குத்தான் போவாய். நிறுத்தாமல் நேரே வா. கல்யாண சூப் ஆறிவிடும்.

யஷார்

எர்ஸுரும், மருத்துவமனை
4 பிப்ரவரி 1986

யஷாருக்கு,

ஸெஹெருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. நடப்பாளா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

ஏறும்போது வெயில் பக்கம், சாலை கறுப்பாகத் தெரிந்தது. உச்சியில் பத்து வண்டி நின்றிருந்தன. "நிறுத்தலாமே" என்றாள் இவள். "உன் அண்ணன் வேண்டாம்னு எழுதியிருக்காரு" என்று சொல்லி, நாலாவது கியரில் தாண்டினேன். அந்தப் பக்கம் நிழல், முழுக்கக் கண்ணாடிப் பனி. வேகம் ஏறியது. நீ சொன்னபடி பிரேக்கைத் தொடவில்லை. நாலிலிருந்து இரண்டுக்குத் தள்ளி கிளட்ச்சை விட்டேன். பின்சக்கரம் சட்டென்று இறுகி, வண்டி சுழன்று பள்ளத்தில் விழுந்தோம். பனியெங்கும் ஆரஞ்சு.

தூக்கிவிட்ட லாரிக்காரன் என்னைத் திட்டினான்: "ஏன்யா, இறங்குற வழியிலயா கியர் மாத்துவாங்க? ரஹ்மி கடையில நிறுத்தி, சங்கிலி கட்டி, ரெண்டாவதுல போட்டுத்தானே எல்லாரும் கிளம்புவோம்! டீ குடிக்கவா அங்க நிக்கிறோம்? உனக்கு யாரும் சொல்லலையா?"

சங்கிலி டிக்கியில் கிடந்தது. யாரும் சொல்லவில்லை என்றேன்.

நீ வராதே.

நெஜாத்தி

எர்ஸுரும், மருத்துவமனை வாசல்
8 பிப்ரவரி 1986

நெஜாத்திக்கு,

வராதே என்றாய், வந்தேன். உள்ளே விடவேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதாக நர்ஸம்மா சொன்னாள். நியாயம். இதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உச்சியிலேயே கியர் போடவேண்டும் என்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அதையும் ஒருத்தருக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ சரியாகத்தான் கேட்டாய், நிறுத்தவேண்டுமா என்று. எனக்குக் கேலிதான் முந்திக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று உங்கள் இரண்டு நாற்காலியிலும் யாரையும் உட்கார விடவில்லை.

தினமும் மினிபஸ்ஸோடு வாசலில் நிற்பேன். ஸெஹெருக்கு மருந்தோ ரத்தமோ வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து கையை மட்டும் காட்டு.

வரும் வழியில் ரஹ்மி கடையில் நிறுத்தினேன். இரண்டு கிளாஸ் குடித்தேன். நல்ல டீ, நெஜாத்தி. இருபது வருஷமாகவே நல்ல டீதான்.

யஷார்