முதல் சொட்டு, நெய்ப்பொங்கலுக்குப் பிறகு

கடலடி நிலையம் ‘ஆழி’. குரல் பதிவு. பேசுபவர்: முனைவர் நீலமேகம், மருந்தியல். நாளும் நேரமும் கருவி தானாகவே இடும்.

செவ்வாய், காலை 7.10

வழக்கமான பதிவு. ஆழம் நாற்பது மீட்டர். மின்சாரம், குடிநீர், காற்று எல்லாம் சரி. அழுத்த அறையின் தானியங்கி வால்வு மட்டும் போன வாரத்திலிருந்து பழுது. உதிரிபாகம் வந்துகொண்டே இருக்கிறது என்று கரையிலிருந்து தினமும் சொல்கிறார்கள். நடந்து வருகிறது போலிருக்கிறது.

இதைக் கேட்கப்போவது தணிக்கைக் குழுவாக இருக்கலாம். அதனால் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நிலையத்துக்குள் நாங்கள் தரையில் இருப்பது போலத்தான் மூச்சு விடுகிறோம். வெளியே கடலில் வேலை செய்பவரின் ரத்தத்தில் அழுத்தத்தால் வாயு கரைந்துபோகும். சட்டென்று அழுத்தத்தைக் குறைத்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது ரத்தத்துக்குள்ளேயே பொங்கும். கை கால் விளங்காமல் போகும், உயிரும் போகும். ஆகவே திரும்பி வருபவரை ஒரு இரும்பு அறையில் அடைத்து, நான்கு மணி நேரம் எடுத்து மெல்லக் குறைக்க வேண்டும். இப்போது அதைக் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு கால் சுற்று, ஆக இருபத்துநாலு. உள்ளே இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே நிற்பவன் கையில்தான் எல்லாம்.

இங்கே இரண்டு பேர். நானும், பாறைகளை ஆராயும் ஜெனிட்டாவும். தூத்துக்குடிக்காரி. ஒவ்வொரு திருகாணியையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கால் வைப்பாள். இன்று விடியலில் போனாள், மாலை நான்குக்குத்தான் வருவாள். அதுவரை எனக்கு நிம்மதி.

செவ்வாய், காலை 8.05

சோதனைப் பதிவு. கடலடியில் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் வருவதில்லையாம். கஞ்சா எண்ணெய் கொடுத்துப் பார்க்க நிறுவனம் முடிவு செய்திருக்கிறது. அடுத்த வாரம் ஐந்து பேர் வருகிறார்கள். ஐந்து பேரும் இதுவரை கஞ்சாவைத் தொட்டதே இல்லையாம். நம்பிவிட்டேன்.

முதல் முறை எடுப்பவர்களுக்கான விதிகளை எழுதியவன் நான்தான். இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரம் பொறு, ஏறவில்லையே என்று மறுபடி எடுக்காதே. தெளிவாக இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். அன்றைக்கு எந்த இயந்திரத்தையும் தொடாதே. கைக்குழந்தைக்குச் சொல்வது போல எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டும்.

கொடுப்பதற்கு முன் நானே எடுத்துப் பார்ப்பது என்று முடிவு. நேற்று ஜெனிட்டாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “நா வந்த பொறவு எடுங்க சார், கூட இருக்கேன்” என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஆயா தேவையில்லை என்று சொன்னேன். முகம் சிறுத்துப் போனது. போகட்டும்.

மருந்து என்றால் வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது, இது வீட்டுப் பழக்கம். பொங்கல் பொட்டலம் இரண்டைச் சூடாக்கி, மேலே நான்கு கரண்டி நெய் விட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டேன். கடைசிக் கவளத்தில் இரண்டு சொட்டு.

செவ்வாய், காலை 8.50

நாடி சாதாரணம். மனம் சாதாரணம். விளைவு: பூச்சியம்.

எதிர்பார்த்ததுதான். பஸ் ஸ்டாண்டு பின்னால் புகைத்துவிட்டுத் தள்ளாடுகிறவர்களுக்கு ஏறுகிறது என்றால், ஏறுவதற்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது. முப்பது வருடம் படித்த மூளைக்குள் அவ்வளவு சுலபமாக எதுவும் நுழைந்துவிடாது. இரண்டு மணி நேரக் காத்திருப்பும் அவர்களுக்குத்தான்.

இன்னும் எட்டுச் சொட்டு எடுத்தேன்.

செவ்வாய், காலை 9.40

எதிர்பாராத நிகழ்வு. ஜெனிட்டா திரும்பிவிட்டாள். முகமூடிக்குள் தண்ணீர் கசிகிறதாம். இப்போது அழுத்த அறைக்குள் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள்.

கரையிலிருந்து லூர்து பேசினான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து டீ குடிப்பவன். “சார், வால்வ கையால பாத்துக்கிடுவீயளா? ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா சொல்லிருங்க. உள்ள அவங்களுக்கு ஒரு நாளுக்குக் காத்து இருக்கு. அழுத்தத்தக் கொறைக்காம அப்படியே விட்ருவோம், சாயங்காலம் ஆள் அனுப்புதோம்.”

கால் சுற்று திருப்ப ஆள் அனுப்புகிறானாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கரை முழுக்கச் சிரிக்கும்.

9.45க்கு முதல் சுற்று.

செவ்வாய், காலை 9.52

வாய் உலர்கிறது. பொங்கலில் உப்பு அதிகம்.

நெய் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த எண்ணெய் கொழுப்போடு சேர்ந்து போனால் தாமதமாக ஏறும், ஆனால் பல மடங்கு ஏறும். இதை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். பரவாயில்லை. தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை.

செவ்வாய், காலை 9.58

இரண்டாவது சுற்று திருப்பி ரொம்ப நேரமாகிவிட்டது. குறைந்தது அரை மணி. சுவர்க் கடிகாரம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. முள் நகர்கிறது, ஆனால் வேண்டாவெறுப்பாக நகர்கிறது. அரசாங்க ஆபீஸ் முள். தட்டிப் பார்த்தேன். பழுதுதான். இந்த நிலையத்தில் எது பழுதாகவில்லை?

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சுற்று திருப்பினேன். பாக்கியை ஈடு செய்தாயிற்று.

செவ்வாய், காலை 10.03

என் நெஞ்சு அடிப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் போலிருக்கிறது. பயமாக இருக்கிறது. இதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும்.

ஜெனிட்டா ஒலிபெருக்கியில்: “சார், ஏன் இவ்ளோ வேகமா திருப்புதீய? காது வலிக்கி. மணி பாத்துத்தானே செய்யிதீய?”

மணி பார்க்கச் சொல்கிறாள் என்னை. கடிகாரம் பழுது என்று நிதானமாக விளக்கினேன். அவள் கையிலும் கடிகாரம் இருக்கிறதாம், பத்து மூணுதான் ஆகிறதாம். அதுவும் இந்த நிறுவனம் கொடுத்த கடிகாரம்தானே.

கடிகாரத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். பார்த்தால் எரிச்சல் வருகிறது. இனி என் கணக்கு. என் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

செவ்வாய், காலை 10.14

பதினான்காவது சுற்று. மதியம் தாண்டியிருக்கும். பசிக்கிறது, அதுவே சாட்சி. கால் கடுக்க எவ்வளவு நேரமாக நிற்கிறேன். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் கல்லூரிக் காலம் முழுவதையும் நினைத்து முடித்துவிட்டேன். அது பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகும்.

ஜெனிட்டா: “சார், முட்டு ரெண்டும் உயிர் போற மாரி வலிக்கி. நிறுத்துங்க. வால்வ மூடுங்க. கேக்கீயளா?”

கேட்கிறது. உள்ளே அடைந்து கிடந்தால் எல்லோருக்கும் மூட்டு வலிக்கும். சீக்கிரம் வெளியே விடுவதுதான் இதற்கு மருந்து. இரக்கப்பட்டு இன்னும் மூன்று திருப்பினேன்.

செவ்வாய், காலை 10.19

லூர்து கத்துகிறான். “சார், நீங்க என்ன எடுத்தீய? ஜெனிட்டா மேடம் சொல்லுதாங்க. வால்வ விட்டு கையை எடுங்க சார். அழுத்தத்தத் திரும்ப ஏத்துங்க, இப்பவே ஏத்துனா காப்பாத்திரலாம்.”

இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். முன்பே தெரியும். என் ஆராய்ச்சியைக் கெடுக்க வேண்டும், கஞ்சாக்குடிக்கி என்று பெயர் கட்ட வேண்டும். ஒலியைக் குறைத்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் சொல்வது சரியோ என்று தோன்றியது. சிவப்புக் கைப்பிடி என் பக்கத்தில்தான் இருக்கிறது, இழுத்தால் அழுத்தம் ஏறிவிடும். ஆனால் இழுத்தால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகும். லூர்துவிடம்.

பதினெட்டு. பத்தொன்பது.

செவ்வாய், காலை 10.27

ஜெனிட்டா: “சார். காலு ரெண்டும் மரத்துப் போச்சு. அசைக்க முடியல. சார், எனக்கு மூச்சு...”

அதற்குப் பிறகு பேசவில்லை. கடைசியில் அமைதி. இப்படியே முதலிலிருந்து இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம்.

இருபத்துமூன்று. இருபத்துநாலு. நான்கு மணி நேரம், தானியங்கி கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது.

செவ்வாய், காலை 10.31

கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். கோபம். நன்றி சொல்லத் தெரியாத ஜென்மம்.

தோளைத் தட்டினேன். அப்படியே சரிந்துவிட்டாள்.

செவ்வாய், காலை 10.34

லூர்து இன்னும் இணைப்பில் இருக்கிறான். கத்தவில்லை, அழுகிறான். “சார், அந்தத் துண்ட எடுங்க. கடியாரத்தப் பாத்து மணி எத்தனன்னு வாயால சொல்லுங்க. அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க.”

இவ்வளவுதானே. எடுத்தேன். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பத்து முப்பத்துநாலு.

இல்லை. பத்து முப்பத்துநாலு. நான் ஆரம்பித்தது ஒன்பது நாற்பத்தைந்து. ஒன்பது நாற்பத்தைந்திலிருந்து பத்து

ஜெனிட்டா. எழுந்திரு அம்மா. லூர்து, சிவப்புக் கைப்பிடி, நான் கதவை மூடி மறுபடி ஏற்றுகிறேன், இப்போதே ஏற்றினால் காப்பாற்றலாம் என்று நீதானே சொன்னாய், சொன்னாய் அல்லவா, எத்தனை மணிக்குச் சொன்