இட்லிக் குண்டானில் ஜாவா ஹப்

மாமா,

ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். தோசை சுட்டு மூடி வச்சிருக்கேன், இட்லி கேக்காதீங்க. குண்டான்ல உங்கப்பா ஜாவா பைக்கோட முன்சக்கர ஹப், அதான் அந்த நடுக்குடம், இருக்கு. அடுப்பப் பத்த வச்சு அரை மணி நேரம் ஆவியில விடுங்க.

புது பேரிங் ஃப்ரீசர்ல, வஞ்சிரத்துக்குப் பக்கத்துல பேப்பர்ல சுத்தி இருக்கு. சூட்டுல ஹப் விரியும், குளிர்ல பேரிங் சுருங்கும். ஹப்பத் துணியால புடிச்சு வெளிய வச்ச உடனே பேரிங்க நேரா வச்சு விடுங்க. தானா எறங்கிடும். எங்க ஃபேக்டரியில தினமும் இப்படித்தான் மாட்டுறோம். நேத்து இதச் சொன்னதுக்கு, “இட்லி ஊத்துறவ எனக்கு பேரிங் மாட்டச் சொல்லித் தர்றாளா”ன்னு சிரிச்சீங்க. சுத்தியலால அடிச்சு அடிச்சு ரெண்டு பேரிங் உடைஞ்சதுதான் மிச்சம்.

காலையில நானே மாட்டியிருப்பேன். உங்கப்பா வண்டி, பேரிங் உங்க கையாலயே எறங்கட்டும்னுதான் விட்டுட்டுப் போறேன். எறங்கினதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க.

செல்வி

அந்தக் குண்டான்ல இனிமே நான் இட்லி ஊத்த மாட்டேன். பெரிய மார்க்கெட்டுல புதுசு ஒண்ணு வாங்கி வைங்க.

சுத்தியலத் தேடாதீங்க. என் சாப்பாட்டுப் பையில இருக்கு.