மோட்டார் கொட்டகை ஆன்டெனா

14 அக்டோபர் 2024
இன்றைக்கும் வேகம் இறங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் செங்காங் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டிக் கொடிக்கால்பட்டியின் இணைய வேக வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் நானே போய் அந்த ஊர் விவசாயி அன்னம்மாவின் மோட்டார் கொட்டகைக் கூரையில் ஆன்டெனா வைத்தேன். டவுனிலிருந்து வரும் இணையம் அதில் இறங்கித்தான் நாற்பத்தோரு விவசாயி வீடுகளுக்குப் போகிறது. ஆகஸ்ட் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது ஒரு பக்கம் திறக்கவே அரை மணி நேரம். இருபத்தாறு வருடம் நெட்வொர்க் வேலை பார்த்தவளுக்கு இது அவமானம்.

நவம்பர் 15-க்குள் அவர்கள் நெல்லுக்கு இணையத்தில் காப்பீடு பதிய வேண்டும். போன வருடம் டவுன் மையத்தில் வரிசையில் நின்று பாதிப் பேர் பதியாமலே திரும்பினார்கள். பிறகு வெள்ளம் வந்தது; அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை அப்படி ஆக விடமாட்டேன்.

19 அக்டோபர்
போன வாரம் நான் அனுப்பிய புது ரேடியோவை, சிக்னல் வாங்கும் பெட்டியை, அங்கே மாட்டிவிட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை. எரிச்சலாக வருகிறது.

20 அக்டோபர்
தேவாலயத்தில் பூசை முடிந்து லாசரஸ் பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குக் குழுவின் தலைவர், இந்தத் திட்டமும் அவர் பொறுப்புதான். "ஜோ, மெஷின் ஃபால்ட்டுன்னு ரிப்போர்ட் போட்டு க்ளோஸ் பண்ணிடலாம் லா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம். வெள்ளம் இவரைக் கேட்டுக்கொண்டா வரும்?

23 அக்டோபர்
நெட் கிடைக்கும் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அன்னம்மா ஒரு படம் அனுப்பினார். கொட்டகையையே காணோம். எங்கே பார்த்தாலும் கரும்பு, ஆன்டெனாவுக்கு மேலே இரண்டு அடி வளர்ந்து சிக்னலை மறைக்கிறது.

உடனே அழைத்தேன். "மார்ச்ல அங்க வெறும் தரைதானே இருந்துச்சு?"

"அப்பதான்மா வெட்டி முடிச்சிருந்தோம். இப்ப ஏழு மாசப் பயிரு."

ஐயோ. எனக்கு இது தோணவே இல்லையே! இங்கே மரம் ஜனவரியிலும் அதே உயரம், ஜூலையிலும் அதே உயரம். கொஞ்சம் வளர்ந்தால் ஆள் வந்து கத்தரித்துவிட்டுப் போவார்கள். அந்தப் புத்தியோடு போய் வயலில் ஆன்டெனா வைத்திருக்கிறேன்.

"குறுக்க நிக்கிறத வெட்டிப்புடட்டுமா?" என்று கேட்டார். முற்றாத கரும்பை ஆலை வாங்காது. தொடாதீர்கள் என்றேன். உயரமான கம்பம் நட்டால் போதும். நவம்பர் எட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

27 அக்டோபர்
குழுக் கூட்டம். மெஷின் மேல் பழி போடவில்லை. "தப்பு என்னோடது" என்று எழுந்து நின்று சொன்னேன். லாசரஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். வைக்கட்டும்.

2 நவம்பர்
ஜாலான் புசார் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, கம்பத்தை இறுக்கும் கிளாம்ப் வாங்கினேன்.

5 நவம்பர்
காலையில் பார்த்தால் வேகம் முழுசாக இருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. வீடியோவில் அழைத்தேன், அன்னம்மாவின் முகம் தெளிவாக வந்தது. அவருக்குப் பின்னால் கரும்புக்கு நடுவே ஒரு நீண்ட சந்து.

"வெட்டிட்டீங்களா?"

"பதினஞ்சாம் தேதி நமக்காக நிக்குமா? மாட்டுக்குப் போட்டாச்சு. விடும்மா."

அதற்குள் இருபத்தொன்பது பேர் பதிந்துவிட்டார்கள். நான் செய்த தப்புக்கு அவர் கரும்பு போச்சே. அழுதேன். டிக்கெட்டை ரத்து செய்வதா? முடியாது. அடுத்த வருடமும் அவர் அரிவாள் எடுக்க வேண்டுமா?

10 நவம்பர், கொடிக்கால்பட்டி
கம்பம் நின்றுவிட்டது. முப்பது அடி. நாற்பத்தோரு பேரும் பதிந்தாயிற்று.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "மார்ச்லயே ஏன் சொல்லல?"

அன்னம்மா கொஞ்சம் கூச்சப்பட்டார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து இத்தன செய்யிறீங்க. கரும்பு வளரும்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க நெனைக்கவே இல்லம்மா."

ஜனவரியில் அடுத்த ஊரில் ஆன்டெனா வைக்கப் போகிறோம். அங்கே கம்பம் எங்கே நடலாம் என்று பார்க்க முதலில் அன்னம்மா போவார். அதற்குப் பிறகுதான் நான்.