மாமாவின் ஈரல் படம்

அன்பும் ஆத்திரமுமாக உங்களுக்கு எழுதிக்கொள்வது,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், உங்கள் அப்பா விட்டால்தானே! போன வாரம் போனில், “வலது விலாவுக்குக் கீழ லேசா வலிக்குது, வெறும் வாயுதான்” என்று சிரித்தீர்கள். இத்தனை வருடமாக மாமா சொன்னதும் அதே வாயுக் கதைதான். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

வாய்க்கால் தூர்வார இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றாரில்லையா, அதிலிருந்த புழு தோல் வழியாக ஏறி, அதன் முட்டைகள் கல்லீரலில் தங்கிவிட்டனவாம். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, கதிர்வீச்சுள்ள மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். காலையில் கலந்தால் மாலைக்குள் வீரியம் போய்விடும் மருந்து அது. ஈயப் பெட்டியில் அது காத்திருக்க, மாமாவைக் காணோம். டீ குடிக்கப் போனவர் நேராக வாய்க்காலுக்கே போய்விட்டார். “பெட்டியில பூட்டி வைக்கிற மருந்த என் உடம்புல விடுவாங்களா?” என்று என்னையே கேட்கிறார். மருந்து வீண். ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

அடுத்த முறை அவர் செருப்பைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர், தார்ச்சாலையில் மட்டும் செருப்பில்லாமல் நடக்கமாட்டார்.

நல்ல கல்லீரல் என்றால் மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியுமாம். மாமாவுக்கு அது திட்டுத்திட்டாக மங்கிக் கிடக்கிறது; அது இழுக்காத மருந்து போய்ச் சேர்ந்த மண்ணீரலும் முதுகெலும்பும்தான் மின்னுகின்றன. இனித் தண்ணீரில் இறங்காமல் மாத்திரை சாப்பிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், ஒரு நாள் மட்டும் குழந்தையை மடியில் வைக்கவேண்டாம் என்றும் சொன்னார். இவர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாரம் முழுக்கப் பேத்தியை அண்டவிடாமல் வாசலிலேயே சாப்பிடுகிறார். ஆனால் மறுநாளே மண்வெட்டியோடு தண்ணீரில் இறங்கியாயிற்று!

நான் கத்தி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவனும் சின்ன வயசுல எங்கூட அதே தண்ணியிலதான் கெடந்தான். அவன் போய் டாக்டர்கிட்ட பார்த்துக்கட்டும், அன்னைக்கே நான் கரையேறிடறேன்.” அந்தத் தண்ணீரில் வேறு யாரெல்லாம் இறங்கினார்கள் என்று டாக்டரும் கேட்டார். உங்களைச் சொன்னேன்.

உங்களுக்கு முதலில் மலமும் ரத்தமும் சோதித்தால் போதுமாம். நலமாக இருக்கிறேன் என்று பதில் எழுதாதீர்கள். சோதனை முடிவை அனுப்புங்கள். அப்பாவும் பிள்ளையும் நூறு வயது இருந்து என் உயிரை வாங்குங்கள், பரவாயில்லை. என் பையில் இன்னொரு ஜோடி செருப்புக்கும் இடம் இருக்கிறது.

கோபம் தீராத,
உங்கள் மனைவி