எங்கட பெட்டையளுக்கு ஒரு லீக்

பெப்ரவரி 12, திங்கள்

மொன்றியலில் கடுங்குளிர். காற்றும் சேர்ந்து. கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. லாசாலில் இருந்து பஸ், பிறகு மெட்ரோ, திரும்ப பஸ். கார்டறிக்கு, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்கு, பிந்திப் போனேன். பிள்ளைகள் ஏற்கெனவே சூப் குடித்துக்கொண்டு.

பின்னேரம் கல்லூரி. பீற்றர் கோச்சுகள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். விளையாட்டுப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவு சாத்தினால் நல்ல சேதி இல்லை.

சேதி: எங்கள் லீக் இந்தப் பருவத்தோடு சரி. ஆறு ஆங்கிலக் கல்லூரிகள் இவ்வளவு காலமும் தங்களுக்குள் ஆடின லீக். பெரிய கல்லூரி இரண்டும் பிரெஞ்சு லீக்கின் முதலாம் டிவிஷனுக்குப் போகின்றன. எல்லாம் பேசி முடிந்துவிட்டதாம். எங்களுக்கு ஒரு சொல் இல்லை. மற்ற மூன்றும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன.

"அப்ப நாங்கள்?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை," என்றார். அவர் சொன்னது இங்கிலிசில். எனக்கு இப்படித்தான் கேட்டது.

ஃபுட்பால் கோச் கத்தினார். கூடைப்பந்துக் கோச் ரெலிபோனை எடுத்துக்கொண்டு வெளியே. நான் பெண்கள் கரப்பந்து. கடைசிக் கதிரை.

(இந்தக் கொப்பியை ஸ்ராஃப் ரூம் மேசையில் விட்டுவிட்டுப் போகலாம். ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதுவதில் உள்ள சுகம்.)

வாங்க: பால், மெழுகுதிரி, கார் பற்றரிக்கு கேபிள்.


பெப்ரவரி 14, புதன்

பனிப்புயல். எல்லாம் பூட்டு. கார்டறி, கல்லூரி, துறைமுகம். என் மனிசன் குகனுக்கும் லீவு. கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவருக்கு புதன்கிழமையில் வீட்டில் இருக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று தரம் பனி தள்ளினார். மூன்று தரமும் பனி திரும்ப மூடிற்று.

குசினி மேசையில் கியூபெக் மப்பை விரித்து வைத்துப் பார்த்தோம். எங்கே போய் விழலாம்:

ஒன்று, ஒன்ராறியோப் பக்கத்துக் கல்லூரிகள். கோர்ன்வால், ஒட்டாவா. ஆங்கிலம், கிட்ட. ஆனால் அவர்கள் வேறு மாகாணத்து ரீமை எடுப்பார்களோ தெரியாது.

இரண்டு, பிரெஞ்சு லீக்கின் இரண்டாம் டிவிஷன். அதிலும் மேற்குப் பிரிவு என்றால் மொன்றியல் சுற்றுவட்டாரம், பின்னேரம் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. கிழக்குப் பிரிவு என்றால் ஆற்றோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரிமூஸ்கி வரைக்கும்.

மூன்று, ஒன்றுமில்லை. ரீமைக் கலைப்பது. இதை மப்பில் காட்ட முடியாது.

குகன் சொன்னது: "இது எங்கட ஊர்ச் சங்கம் மாதிரியெல்லே இருக்கு. முதல் ரெண்டாப் பிரியும். பேந்து பிரிஞ்சது ரெண்டும் மண்டபத்துக்குச் சண்டை பிடிக்கும்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்தப் பெட்டைகளோடு இது மூன்றாவது வருசம். முதல் வருசம் சேர்வ் போட்டால் வலை தாண்டாது. போன மாதம் அந்தப் பெரிய கல்லூரி ஒன்றை அவர்களுடைய மண்டபத்திலேயே வென்றார்கள். இப்போது போய்க் கலைப்பதென்றால்.


பெப்ரவரி 16, வெள்ளி

பயிற்சி. பெட்டைகளுக்குக் கதை முன்னமே வந்துவிட்டது. வந்ததில் பாதி வேறு கதை. "நாங்கள் அமெரிக்காவிலை விளையாடப் போறமாம்" என்று சோஃபியா.

நிரோஷா மட்டும் தனியே வலைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு. கப்டன். பந்தை எடுத்துக் கொடுக்கிறவள், அவள் கையில் இருந்துதான் எல்லா அடியும் புறப்படும்.

முடிந்த பிறகு பந்துகளைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மண்டபத்துக்குள் நான் அவளுக்குக் கோச். வெளியே அக்கா. இன்று உள்ளேயே அக்கா.

"அக்கா, கிழக்குப் பிரிவெண்டா என்னை விட்டிடுங்கோ."

"ஏன்?"

"இரவு தங்கோணும். அப்பா விடார். நான் கேக்கவும் மாட்டன்."

இதைத் தமிழில் சொன்னாள். மற்றதெல்லாம் இங்கிலிசிலும் பிரெஞ்சிலும் கதைக்கிற பிள்ளை. அப்பா என்று வந்தால் தமிழ்.


பெப்ரவரி 18, ஞாயிறு

சேர்ச்சில் தமிழ்ப் பூசை. பிறகு கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி, றோல்ஸ். நிரோஷாவின் தகப்பன் யேசுதாசன் அண்ணை கதவடியில் நின்றார். மன்னார் ஆள். புரோசார்டில் தெப்பனர் வைத்திருக்கிறார். மூலைக் கடை. பியர், பால், லொத்தர் ரிக்கற். சனி, ஞாயிறு நிரோஷாதான் கல்லாவில். அவளுடைய பிரெஞ்சுதான் கடையின் பிரெஞ்சு.

நான் தொடங்க முன்னமே அவர் தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, உங்கட லீக் உடையுதாம்."

"ஓம் அண்ணை. வேறை இடம் பாக்கிறம்."

"எந்த இடம்?"

"இன்னும் தெரியாது."

"தெரியாத இடத்துக்குப் பிள்ளையை விடச் சொல்லி என்னட்டைக் கேக்கப்படாது." கோபமில்லை. கையில் றோல்ஸைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு. "நான் பழைய ஆள் இல்லை. அவள் விளையாடுறதை நான் மறிச்சனானோ? ஆனா அவள் வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்டுற சத்தம் கேக்காமல் எனக்கு நித்திரை வராது. அவ்வளவுதான்."

மனைவி றெஜினா அக்கா பக்கத்தில். எனக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. அதுதான் கரைச்சல்.


பெப்ரவரி 20, செவ்வாய்

ஒன்ராறியோ இல்லை என்று பதில். மரியாதையான இல்லை.

பீற்றர்: வியாழன் பிரெஞ்சு லீக்காரர் கூட்டம். எங்களை வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பிரெஞ்சு மோசம். "நீ வா" என்றார். என் பிரெஞ்சு கார்டறியில் நாலு வயதுப் பிள்ளைகளிடம் பிடித்தது என்றேன். தன்னுடையது அதிலும் இளையது என்றார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று. அந்த லீக்கில் கோச்சுக்கு மூன்றாம் நிலைப் பத்திரம் வேண்டும். என்னிடம் இரண்டாம் நிலைதான். "அதைப் பிறகு பார்ப்போம்."

ஆக, என்னை எடுக்காமல் விடக்கூடிய லீக்குக்கு எங்களை எடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

குகனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "போகாட்டி என்ன ஆகும்?"

"ரீம் இல்லை."

"போனா?"

"ரீம் இருக்கும். நான் இருப்பனோ தெரியாது."

"அப்ப போ."

இந்த மனிசனுக்கு எல்லாம் லேசு.


பெப்ரவரி 21, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு பயிற்சிக்கு. அமெலி தன் கைக்குட்டையால் துடைக்க வந்தாள், அழுக்கு என்று நினைத்து.

நாளைக்குப் பிரெஞ்சில் பேச வேண்டியதை நிரோஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் மாறிக் கிடந்ததாம். ஒவ்வொன்றாகத் திருத்தினாள். தான் போக முடியாத லீக்குக்காக. ஒரு இடத்தில் நிறுத்தி, "இது நல்லா இருக்கு அக்கா, இதை மாத்தாதேங்கோ" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.


பெப்ரவரி 22, வியாழன்

கூட்டம். நீள மேசை. ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் ஜக்கெற்றில் கல்லூரிச் சின்னம். நான் கார்டறியில் இருந்து நேரே. கையில் நீலப் பெயின்ற்.

எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். பாதியில் இரண்டு பேர் பஸ் செலவு பற்றித் தங்களுக்குள் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர். என் வாயில் பழக்கத்தில் வந்துவிட்டது: "ஷக்கன் சோன் தூர்." அவரவர் முறைக்கு. பொம்மைக்குச் சண்டை பிடிக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்வது, அதே குரலில்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளக்காதா என்று. பிறகு மேசைக் கோடியில் ஒரு பெண் பெரிதாகச் சிரித்தா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரும்.

சிரித்த பெண் மடாம் லீன், ரிமூஸ்கிக் கோச். அவதான் கேட்டா: இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும், மொன்றியலில் பொழுதுபோக்காக ஆடலாமே.

தாளை மடித்து வைத்தேன். தாளில் இதற்குப் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினதைச் சொன்னேன். ரீம் இருந்தது, உடுப்பு இருந்தது, ஆனால் யுத்தத்தில் பாதை பூட்டு. ஒரு பள்ளிக்கூடமும் வர முடியாது, நாங்களும் போக முடியாது. இரண்டாகப் பிரிந்து எங்களுக்குள்ளேயே ஆடினோம். யார் எங்கே எறிவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கடைசியில் ஒவ்வொருத்தியாக வராமல் விட்டார்கள். ஆட வேறு ஆள் இல்லாவிட்டால் ரீம் நிற்காது, அதனால் எங்கே போட்டாலும் வருவோம் என்றேன். எத்தனை இலக்கணப் பிழை என்று நிரோஷாவுக்குத்தான் தெரியும்.

ஒருவரும் கை தட்டவில்லை. மடாம் லீன் எதையோ குறித்துக்கொண்டா.

திரும்பி வரும்போது பீற்றர்தான் கார் ஓட்டினார். பாலம் தாண்டினதும், "அது எனக்குத் தெரியாது," என்றார். "நானும் சொல்லேல்லைத்தானே," என்றேன்.


மார்ச் 9, வெள்ளி

வெயில். கூரைகள் சொட்டுகின்றன.

எடுத்துவிட்டார்கள். இரண்டாம் டிவிஷன். கிழக்குப் பிரிவு. மேற்கு நிரம்பிவிட்டதாம்.

பத்திரம்: சோதனையை ஓகஸ்ற்றில் எடுக்கட்டும், அதுவரை பொறுப்போம் என்று. மடாம் லீன்தான் எனக்காகப் பேசினாவாம். ஒரு தரம் பார்த்த மனிசி.

பெட்டைகள் மண்டபத்தில் போட்ட கூச்சலுக்குக் காவலாளி ஓடி வந்தார். நிரோஷாவும் துள்ளினாள். எல்லாரையும் கட்டிப் பிடித்தாள். பிறகு வலையைக் கழற்றப் போனாள், அது அவள் வேலையே இல்லை.

கூட்டமாகப் போய்வர ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டம், இரவு அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில். ஹோட்டல் இல்லை.


மார்ச் 10, சனி

புரோசார்ட். தெப்பனருக்குப் போனேன். கேட்காமல் இருந்தால் பிறகு எனக்கு நித்திரை வராது.

யேசுதாசன் அண்ணை பியர்ப் பெட்டி அடுக்கிக்கொண்டு. நிரோஷா கல்லாவில். நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய வீடு, எத்தனை இரவு, நானும் கூடப் போவது. அவர் பெட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"சனிக்கிழமை கடைக்கு ஆர்?"

பின்னுக்கு இருந்து றெஜினா அக்கா வந்தா. கையில் வெங்காயம். "நான் நிக்கிறன்."

"உமக்குப் பிரெஞ்சு?"

"இத்தனை வருசமா இந்தக் கடையிலை நிக்கிறன். பொன்ஜூர் தெரியும், மெர்சி தெரியும். மிச்சத்தை அவங்கள் விரலாலை காட்டுவாங்கள்."

நான் அந்த அக்கா இவ்வளவு கதைத்து இதற்கு முன் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லைப் போல.

ஒரு பெட்டியைக் கீழே வைத்தார். "அந்தக் கோச் மனிசியின்ரை நம்பர் இருக்கோ?"

மடாம் லீனுக்குக் கோல் எடுத்தேன். நிரோஷா தன் வீட்டில் தங்கலாம் என்று அவவே சொன்னா. ரெலிபோன் நிரோஷா கையில், சத்தத்தை எல்லாருக்கும் கேட்க வைத்து. தகப்பன் சொல்வதை அவள் பிரெஞ்சில் மாற்ற வேண்டும்.

"வீட்டிலை ஆம்பிளைப் பிள்ளையள் இருக்கினமோ எண்டு கேள்."

நிரோஷா என்னைப் பார்த்தாள். பிறகு ரெலிபோனைப் பார்த்து, அங்கே பனி அதிகமோ என்று அப்பா கேட்கிறார் என்றாள்.

மடாம் லீன்: ஐயோ, நிறைய, கழுத்தளவு.

"இல்லையாம் அப்பா."

நான் சூயிங்கம் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யேசுதாசன் அண்ணை கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நேஜ் எண்டா பனி எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் இந்த ஊரிலைதான் கடை வச்சிருக்கிறன். ஒழுங்காக் கேள்."

நிரோஷாவின் முகம் செம்பருத்தி. ஒழுங்காகக் கேட்டாள். அந்தப் பக்கம் அதே பெரிய சிரிப்பு. இரண்டு பெடியன்கள் இருந்தார்களாம், இருவரும் வேலைக்கு மேற்கே போய்விட்டார்களாம், வீட்டில் அவவும் ஒரு கிழட்டு நாயும். தனக்கு மகள் இல்லையே என்ற குறை என்று சொன்னா. நிரோஷா இதை ஒரு சொல் விடாமல் மாற்றினாள்.

றெஜினா அக்கா வெங்காயத்தை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினா.

"போனவுடனை எடுக்கோணும். படுக்க முன்னம் எடுக்கோணும்."

"ஓம் அப்பா."

"நான் இன்னும் ஓம் எண்டேல்லை," என்றார். பிறகு கடைக்கு வந்த ஆளுக்கு சிகரெட் எடுக்கத் திரும்பினார். றெஜினா அக்கா எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினா. அதுதான் ஓம்.


ஒக்ரோபர் 21, ஞாயிறு

ரிமூஸ்கி. பஸ்ஸுக்குள் எழுதுகிறேன், எழுத்து ஆடும். ஓகஸ்ற் சோதனை பாஸ். அதை எழுதவே இல்லை, இத்தனை மாதம் கொப்பியைத் தொடவே இல்லை.

நேற்று ரிமூஸ்கியிடம் தோல்வி, ஒரு செட்டும் எடுக்கவில்லை. அவர்களுடைய சேர்வ் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று வேறு ஊர் ரீமோடு, அதே மண்டபத்தில். அதுவும் தோல்வி. ஆனால் இரண்டு செட் எங்களுக்கு. நாலாம் செட்டில் நிரோஷா பின்பக்கமாக எடுத்துக் கொடுத்த பந்தைச் சோஃபியா அடித்தபோது உள்ளூர்ச் சனம் எழும்பி நின்றது. மடாம் லீனும்.

ஆற்றுக்கு இங்கே மறுகரை தெரியவில்லை. கடல் மணம். பெட்டைகள் கல் பொறுக்கி பஸ் முழுக்க மண்.

நிரோஷா இப்போது வீட்டுக்கு எடுத்தாள். "தோத்திட்டம் அப்பா... ஓம்... இல்லை, ரெண்டு செட்... ஓம்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம்:

"அக்கா, ரிமூஸ்கி எங்கடை இடத்துக்கு வரேக்கை, எங்கட வீட்டிலை மூண்டு பேர் படுக்கலாமாம். அம்மா கேக்கிறா, அவை எவ்வளவு உறைப்புத் தின்னுவினம் எண்டு."