பள்ளத்துக்கு இந்தக் கரை

மாமா,

காலையில் வாசலில் செருப்பைத் தட்டினேன். கரிசல் கட்டி கட்டியாக உதிர்ந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

என் ஊர் செம்மண், உங்கள் ஊர் கரிசல். நடுவே அந்த நீளப் பள்ளம். கோவித்துக்கொண்டு பிறந்த வீடு போனவளைக் கூப்பிட வரும் மாப்பிள்ளை தன் கரையிலேயே நிற்க வேண்டும், பெண் வீட்டார்தான் கொண்டுவந்து விட வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் எழுதாத சட்டம். பள்ளத்தில் இறங்கினால் மாப்பிள்ளைக்கு மானம் போச்சு.

கல்யாணமான முதல் மழைக்காலத்தில் நானும் கோவித்துக்கொண்டு போனேன். எதற்கென்று சத்தியமாக நினைவில்லை. நீங்கள் எதிர்க்கரையில் குடையோடு வந்து நின்றீர்கள். வீம்புக்கார அண்ணன் "நிக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பொறுத்துப் பார்த்த நீங்கள் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கினீர்கள். நட்டநடுவில் முழங்கால் வரை புதைந்து முழித்தீர்களே! ஊரே சிரித்தது. நான்தான் கையை உதறிவிட்டு ஓடிவந்து இழுத்தேன்.

"உங்க ஊரு மண்ணு ஆளை விடாது போலயே" என்றேன்.

"மண்ணு மட்டுமா?" என்றீர்கள். பாவி மனுசா, என் கோபமெல்லாம் அங்கேயே கரைந்தது.

நீங்கள் போய், காரியமும் முடிந்தது. நேற்று அண்ணன் வந்தான். "தனியா இங்க என்னத்தா செய்யப் போற? டவுனுல, வில்லாபுரத்துல எம் வீட்டு மாடி சும்மாதான கெடக்கு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல மனமில்லாமல் பெட்டியைக் கட்டினேன்.

மழை ஈரத்தில் கார் இறங்காது என்று செம்மண் கரையிலேயே நிறுத்தியிருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடக்க, நடுப்பள்ளத்தில் என் செருப்பு புதைந்துகொண்டது.

"விட்டுத் தள்ளு, புதுசு வாங்கிக்கலாம்."

குனிந்து இழுத்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். உங்களை இழுத்த இடம்தானே அது.

"அண்ணே, நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

அவன் திரும்பி வந்து குனிந்தான். பிறகு செருப்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியோடு திரும்பி நடந்தான். கரையில் குடையோடு நீங்கள் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை, மாமா.

நம் வீட்டு வாசலில் அண்ணன் பெட்டியை இறக்கி வைத்தான். "அன்னைக்குப் பிடிச்சு நிறுத்துனேன். இன்னைக்கு மொறையாக் கொண்டாந்து விட்டுட்டேன்னு மாப்ளகிட்டச் சொல்லிரு."

சொல்லிவிட்டேன். ஒரு செருப்பைத்தான் தட்டினேன். புதைந்த செருப்பில் மண் அப்படியே இருக்கிறது.